செங்கற்சூளை கண்ட நாராயணப் பிள்ளை

ஐப்பசித் திங்களில் நிகழும் தீமிதித் திருவிழாவின்போது, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் நோக்கி ஆயிரக்கணக்கான அடியார்கள் மஞ்சள் ஆடை உடுத்திக் கால்நடையாகச் செல்வதைச் சிங்கப்பூர் மக்கள் அனைவரும் அறிவர். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் தொலைவுள்ள அவ்வழி நெடுகிலும் இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கின்றன. அம்மன் எழுந்தருளியுள்ள அந்த இடத்தைக் கேட்டுப் பெற்று, அங்கே 1827ஆம் ஆண்டில் மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு முதற்கோயிலை எழுப்பியவர் நாராயணப் பிள்ளை. இந்நகரத்தில் செங்கல் அறுத்துச் சூளை இட்டுக் கட்டடத் தொழிலைத் தொடங்கி வைத்தவரும் அவரே ஆவார். கோயில் திருப்பணி பற்றிப் பேசுவோர் அவர் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. ஆயினும் அவர் பட்ட பெருநட்டத்தையும், அதிலிருந்து மீண்ட வகையையும், கோயிலுக்கு நிலம் வேண்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பொறுமையையும் இளந்தலைமுறையினருள் அறிந்தோர் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய்க் கரையில் தமிழர் மிகுதியாகக் குடியேறியிருந்த ஊர் பினாங்கு. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கிலேயர் அத்தீவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றிய நாள் தொட்டு, சோழமண்டலக் கரையிலிருந்து வணிகரும் கூலிகளும் அங்கே சென்று வாழ்ந்தனர். நாராயணப் பிள்ளையும் பினாங்கில் கம்பெனி அரசாங்கத்தின்கீழ்ப் பணியாற்றியவர். சர் ஸ்டாம்ஃபோர்டு ராபிள்ஸ் 1805ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு முதன்முதலாக வந்திறங்கியதும் பினாங்கில்தான். எனவே அவ்வூர்த் தமிழரின் உழைப்பும் கணக்குத் திறமையும் ராபிள்ஸுக்குப் புதியன அல்ல.

1819ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் ஜொகூர் சுல்தான் உசேனுடனும் தெமெங்கோங்குடனும் உடன்படிக்கை செய்துகொண்டு, சிங்கப்பூரில் கம்பெனியின் வாணிபத் தலத்தை ராபிள்ஸ் நிறுவினார். மறுநாளே ஃபார்க்குவார் என்பாரை அதிகாரியாக அமர்த்திவிட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டு மே மாத இறுதியில் அவர் இரண்டாம் முறையாக இத்தீவுக்கு வந்தபோது, இந்தியானா என்னும் கப்பலில் அவருடன் வந்தவர்களுள் ஒருவர் நாராயணப் பிள்ளை. புதிய ஊரில் வளமான வாழ்வு அமையும் என்று ராபிள்ஸ் கூறிய சொல்லை நம்பி, பினாங்கில் இருந்த நிலையான வேலையை அவர் கைவிட்டு வந்தார். அக்கப்பலின் தலைவர் பேர்ல் என்பவர். மாரியம்மன் ஆலயத்திற்கு அருகிலுள்ள பேர்ல்ஸ் ஹில் என்னும் குன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றது. கப்பலை ஓட்டி வந்தவர் பெயரில் குன்றும், அதில் பயணியாய் வந்தவர் கண்ட கோயிலும் இன்று கூப்பிடு தொலைவில் இருப்பதை அவ்வழிச் செல்வோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வந்தவுடன் அவருக்குக் கருவூலத்தில் தலைமை எழுத்தர் பணி கிடைத்தது. நாணயங்களை நோட்டம் பார்ப்பது அப்பணியின் முதன்மையான கடமை. அக்காலத்தில் இவ்வட்டாரத்தில் பெருவழக்காக இருந்தது ஸ்பானிய வெள்ளி நாணயம். அதனுடன் வேறு பல நாட்டுக் காசுகளும் புழங்கின. கள்ள நாணயமும் கலந்து வந்தது. ஓசையாலும் எடையாலும் நிறத்தாலும் நல்ல காசையும் போலியையும் பிரித்தறியும் திறம் வாய்க்கப்பெற்றவர் இல்லாத கருவூலம் கதவில்லாத வீட்டுக்கு ஒப்பாகும். பிள்ளை அவ்வேலையைச் செவ்வனே செய்தார். ஆனால் அது தற்காலிகப் பணியே. மலாக்காவிலிருந்து அப்பதவிக்கு உரியவர் வந்து சேர்ந்ததும் பிள்ளையின் வேலை முடிவுற்றது.

மற்றொருவராயின் அடுத்த கப்பலில் பினாங்குக்குத் திரும்பியிருப்பார். அரசாங்கப் பணியில் இருந்தோருக்கு அதை விட்டு விலகி வாணிபத்தில் இறங்குவது எத்துணைத் தயக்கம் தருவது என்பதை அப்பணியில் உள்ளோரே நன்கறிவர். பிள்ளை திரும்பவில்லை. கண்முன்னே ஒரு நகரம் எழுந்துகொண்டிருந்தது. வந்து குவியும் மக்களுக்கு வீடு வேண்டும், சரக்கு வைக்கக் கிடங்கு வேண்டும், அரசாங்கத்துக்கு அலுவலகம் வேண்டும். கட்டுவதற்கோ செங்கல்லும் இல்லை, கொத்தனாரும் இல்லை. இக்குறையைக் கண்டுகொண்ட பிள்ளை, பினாங்கிலிருந்த தம் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். கொத்தனார், தச்சர், துணி வணிகர் ஆகியோரை அனுப்பி வைக்குமாறு அக்கடிதத்தில் கேட்டுக்கொண்டார். அவர்களும் வந்தனர். தஞ்சோங் பகாரில் அவர் செங்கற்சூளை அமைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்னும் பெயர் அவருக்கு இவ்வாறு வாய்த்தது.

சூளைத் தொழில் எளிதன்று. களிமண்ணைத் தோண்டி எடுத்துக் கல்லும் வேரும் நீக்க வேண்டும். நீர் விட்டு மிதித்துப் பதப்படுத்தி, அச்சில் இட்டு அறுத்து, நிழலில் உலர்த்திய பின்னரே சூளையில் அடுக்க வேண்டும். தமிழகத்தில் மழையில்லா மாதங்கள் பல உண்டு. சூளைக்காரர் அம்மாதங்களை நம்பித் தொழில் நடத்துவர். இங்கோ ஆண்டு முழுவதும் மழை. பச்சைக் கல் ஒரே மாலை மழையில் கரைந்து சேறாகிவிடும். இத்தட்பவெப்பத்தில் செங்கல் உருவாக்கி விற்று வாழ்ந்தனர் என்றால், அப்பணியாளரின் கைத்திறனையும் விடாமுயற்சியையும் ஒருவாறு உய்த்துணரலாம். அத்தாப்பு வேய்ந்த குடிசைகளே நிறைந்திருந்த ஊரில் சுட்ட செங்கல்லின் அருமை சொல்லாமலே விளங்கும். தீக்கும் கறையானுக்கும் அஞ்சாத சுவர் எழ வேண்டுமாயின் அது ஒன்றே வழி.

சூளையோடு அவர் நின்றுவிடவில்லை. கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை ஒன்றைத் திறந்தார். குறுகிய காலத்திலேயே அது ஊரின் பெரிய கடையாக வளர்ந்தது. ஆங்கிலேய வணிகர்கள் அவரை நம்பிக் கடனுக்குச் சரக்கு அளித்தனர். கையில் முதலின்றிச் சொல்லையே முதலாகக் கொண்டு நடந்த வாணிபம் அது. சரக்கை விற்றுக் கடனைச் செலுத்தி, மீண்டும் சரக்கு எடுப்பது வழக்கம். அவ்வாறு நடக்கும்வரை கடைக்காரரின் மதிப்புக்கு ஊறு நேராது.

1822ஆம் ஆண்டில் தீப்பற்றியது. கடையும் அதிலிருந்த துணிமணிகளும் சாம்பலாயின. எரிந்து போனவற்றுள் பெரும்பகுதி கடனுக்கு வாங்கிய சரக்கு. காப்புறுதி எடுத்து வைத்து ஈடு பெறும் இக்கால வழக்கத்தை அன்றைய கடைத்தெருவில் எதிர்பார்க்க இயலாது. மூன்றாண்டுகளில் தேடிய பொருள் ஓர் இரவில் போயிற்று என்பது ஒருபுறம் இருக்க, கடன் கொடுத்தவர்கள் வாயிலில் வந்து நின்றனர் என்பதே பெருந்துயரம். அவரை நம்பிப் பினாங்கிலிருந்து வந்த தொழிலாளர் பலரும் ஊரில் இருந்தனர். கடன்பட்டவர் இரவோடிரவாகக் கப்பலேறிவிடுவது துறைமுக ஊர்களில் புதிதன்று. பிள்ளை அவ்வாறு ஓடியிருப்பின், அவருக்குப் பின்வந்த எந்தத் தமிழ் வணிகருக்கும் ஒரு முழம் துணியைக் கடனாகக் கொடுக்க அவ்வணிகர்கள் இருமுறை யோசித்திருப்பர்.

அவர் ஊரிலேயே நின்றார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் ராபிள்ஸ் மூன்றாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். பிள்ளை அவரிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். ராபிள்ஸ் அவருக்கு கமர்ஷியல் ஸ்குவேர் பகுதியில் இடம் அளித்தார். ஆற்றின் தென்கரையில் சதுப்பு நிலமாகக் கிடந்த இடம் அது. அருகிலிருந்த சிறு குன்றை வெட்டி, அம்மண்ணைக் கொண்டே சதுப்பைத் தூர்த்து வாணிபச் சதுக்கமாக மாற்றும் பணி அப்போதுதான் தொடங்கியிருந்தது. இன்று ராபிள்ஸ் பிளேஸ் என வழங்கும், வங்கிகள் நிறைந்த பகுதியே அது. அங்கே பிள்ளை மீண்டும் கட்டடம் எழுப்பினார். வாணிபத்தை மீண்டும் தொடங்கினார். சிறிது காலத்திற்குள்ளாகவே பழைய கடன்கள் அனைத்தையும் தீர்த்தார். அவர் வாழ்க்கையில் மிகவும் வியக்கத்தக்க பகுதி இதுவே எனலாம். கோயில் எழுப்பியது பக்தி. அதற்கு ஊரார் துணை நின்றனர். எரிந்துபோன சரக்கின் கடனை அடைப்பதற்கோ அவருக்குத் துணை நின்றது அவருடைய நாணயம் ஒன்றே. காசின் நாணயத்தைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இவ்வூர் வாழ்வைத் தொடங்கியவரின் நாணயத்தை ஊரே சோதித்துப் பார்த்த காலம் அது.

அக்காலத்தில் ஒவ்வோர் இனத்தாரையும் அவ்வவ்வினத்துத் தலைவர் வாயிலாகவே நடத்தி வருவது ஆட்சியாளர் கொள்கை. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களுக்குத் தலைவராக நாராயணப் பிள்ளை விளங்கினார். தமிழர்களிடையே எழும் வழக்குகளைக் கேட்டுத் தீர்த்து வைக்கும் அதிகாரமும் அவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. 1824ஆம் ஆண்டு குடிமதிப்பின்படி சிங்கப்பூரின் மக்கள் தொகை 10,683. இந்தியர் 756 பேர். எண்ணிக்கை சிறிதாயினும் அவர்கள் பல தரத்தினர்: படைவீரருக்குப் பணிவிடை செய்ய வந்தோர், பால் விற்போர், வண்ணார், படகோட்டிகள், வட்டிக்கடைக்காரர், தமிழ் முஸ்லிம் வணிகர் எனப் பலரும் இருந்தனர். பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்த தனி ஆண்கள். கூலித் தகராறு, கடன் தகராறு, குடித்துவிட்டு இட்ட சண்டை என வழக்குகளுக்குக் குறைவிருந்திராது. ஆட்சியாளரின் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்களின் வழக்கம் ஆட்சியாளருக்குத் தெரியாது. இரு தரப்பும் நம்பும் ஒருவர் நடுவில் நிற்க வேண்டியிருந்தது.

தூதர் என்னும் பட்டமோ அரசாங்க முத்திரையோ பிள்ளைக்கு இல்லை. பிற்காலத்தில் வாம்போவா என மக்கள் அழைத்த ஹூ ஆ கே என்னும் சீன வணிகர், ரஷ்யா, சீனா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளுக்கும் இவ்வூரில் தூதரகப் பொறுப்பாளராக விளங்கினார். அவர் நாடுகளுக்கிடையே செய்த பணியைப் பிள்ளை அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே ஓர் அரசாங்கத்துக்கும் ஒரு குடியேறிய சமூகத்துக்கும் இடையே செய்தார். அவ்வாறு அவர் செய்தவற்றுள் இன்றளவும் கண்ணால் காணத்தக்கது ஆலயத்திற்கு நிலம் பெற்ற செய்தியாகும்.

முதலில் அரசாங்கம் தெலுக் ஆயர் பகுதியில் ஓரிடத்தைக் கோயிலுக்கென ஒதுக்கியது. அக்காலத்தில் தெலுக் ஆயர் கடற்கரை. குடியேறிகள் வந்திறங்கிய இடம். மக்கள் நடமாட்டம் மிக்கது. ஆயினும் நல்ல நீர் இல்லை. மலாய் மொழியில் ஆயர் என்றாலே நீர் என்றுதான் பொருள்; நீரின் பெயரைத் தாங்கிய இடத்தில் அபிஷேகத்துக்கு நீர் இல்லாது போனது விந்தையே. நாள்தோறும் அம்மனுக்குத் திருமஞ்சனம் ஆட்டவும், பாத்திரம் துலக்கவும், நைவேத்தியம் சமைக்கவும், அடியார்கள் கைகால் சுத்தி செய்யவும் நன்னீர் இன்றியமையாதது. கடலோர உப்புநீரைக் கொண்டு இவற்றைச் செய்தல் ஆகாது. எனவே அவ்விடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அரசாங்கம் மனமுவந்து தந்த ஒன்றை வேண்டாம் என மறுத்து, அதே அரசாங்கத்திடம் வேறொன்று கேட்பது எத்துணைச் சாதுரியம் வேண்டும் செயல் என்பது அலுவலகங்களில் மனுக் கொடுத்துப் பழகியோருக்குத் தெரியும்.

1821ஆம் ஆண்டில் இரண்டாவது இடம் கிடைத்தது. இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் எனப்படும் ஓடைக்கு அருகில் அது அமைந்திருந்தது. அந்நாளில் அது நன்னீர் ஓடை என்றே பெயர் பெற்றிருந்தது. ஆகவே நீர்க்குறை தீர்ந்தது. ஆனால் 1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் நகர அமைப்புத் திட்டம் வகுக்கத் தொடங்கினார். ஜாக்சன் என்னும் பொறியாளர் வரைந்த அத்திட்டத்தில் ஆற்றின் வடகரை நிலங்கள் வேறு பயன்களுக்கென ஒதுக்கப்பட்டன. இந்தியர்களுக்குச் சூளியா கம்பம் என்ற பெயரில் ஆற்றை ஒட்டித் தனிப்பகுதி வகுக்கப்பட்டது. கோயிலுக்குக் கொடுத்த நிலம் மீண்டும் கைவிட்டுப் போயிற்று. கடை எரிந்ததும் இதே ஆண்டில்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

1823ஆம் ஆண்டில் மூன்றாவது இடம் வழங்கப்பட்டது. அதுவே இன்றைய சவுத் பிரிட்ஜ் சாலை ஆலய வளாகம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1827இல், மரத்தூணும் அத்தாப்புக் கூரையுமாய் எளிய கோயில் எழுந்தது. சின்ன அம்மன் என்று அடியார்கள் அன்புடன் அழைக்கும் சிறு திருவுருவை நாராயணப் பிள்ளை அங்கே எழுந்தருளச் செய்தார். செங்கற்சூளை நடத்தியவர் தாம் கண்ட கோயிலை ஓலையால் வேய்ந்தது ஏன் என்று சிலர் வினவுவதுண்டு. பொருள் சேரும்வரை வழிபாடு காத்திருக்க இயலாது. ஓலைக் கூரையின்கீழ் விளக்கேற்றிவிட்டுப் பின்னர்க் கல்லால் கட்டுவதே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் வழக்கம். அந்த வழக்கப்படியே இங்கும் நடந்ததாகக் கொள்வதே பொருத்தம். அதே சாலையில், கூப்பிடு தூரத்தில், தமிழ் முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல் 1826ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது. ஒரே கரையிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் இரு வழிபாட்டிடங்களும் இன்றும் அண்டை வீடுகளாகவே நிற்கின்றன.

பின்னர் ஆலயம் படிப்படியாக வளர்ந்தது. 1831இல் மற்றோர் அன்பர் அளித்த நிலமும் சேர்ந்தது. 1840 முதல் தீமிதி நடைபெற்று வருகின்றது. இன்றுள்ள கட்டடத்தின் மிகப் பழைய செங்கற்பகுதி 1843ஆம் ஆண்டைச் சார்ந்தது. 1903இல் ஒரு கோபுரமும், 1925இல் இன்று காணும் ஆறு நிலைக் கோபுரமும் எழுந்தன. புதிதாக வந்திறங்கிய தொழிலாளர்கள் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை இக்கோயிலிலேயே தங்கியிருந்தனர். இந்துத் திருமணங்களைப் பதிவு செய்து நடத்தி வைக்கும் இடமாகவும் இது விளங்கிற்று. வழக்குத் தீர்த்து வைத்த தலைவர் கண்ட கோயில், தலைவரின் வேலையில் ஒரு பங்கைத் தானே ஏற்றுக்கொண்டது போலும்.

அவர் தொடங்கி வைத்த தொழிலோ தஞ்சோங் பகாரோடு முடிந்துவிடவில்லை. 1825ஆம் ஆண்டு முதல் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள் இந்நகரின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தனர். அரசாங்கம் 1858இல் சிராங்கூன் சாலைப் பகுதியில் கைதிகளைக் கொண்டே செங்கற்சூளை நடத்தியது. அவ்வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தமையால் சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயரும் வழங்கிற்று. 1881இல் தோன்றிய ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயத்தைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே முதியோர் குறிப்பிட்டனர். சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசும் சென்னைச் சாந்து முறையைக் கொண்டு புனித ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களைப் பளிங்கு போல் மெருகேற்றியவர்களும் இந்தியத் தொழிலாளர்களே. கிறித்தவத் தேவாலயமாயினும், ஆளுநர் மாளிகையாயினும், அம்மன் கோயிலாயினும், சாந்து குழைத்த கைகள் பெரும்பாலும் ஒரே கரையிலிருந்து வந்தவை.

1973ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நாராயணப் பிள்ளைக்குச் சிலை எழுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. சிங்கப்பூரில் ராபிள்ஸ் காலடி வைத்த இருநூறாம் ஆண்டு நினைவையொட்டி, 2019 ஜனவரியில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராபிள்ஸ் சிலையின் அருகே நான்கு சிலைகள் சில நாள்கள் வைக்கப்பட்டன. சங் நீல உத்தமன், முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோரோடு நாராயணப் பிள்ளையும் அங்கே நின்றார். எந்த ராபிள்ஸின் சொல்லை நம்பிக் கப்பலேறினாரோ அவருடன் ஒரே வரிசையில், ஒரே தளத்தில்.

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஆலயத்துக்கு மீண்டும் குடமுழுக்கு நடைபெற்றது. திருப்பணிக்கு முப்பத்தைந்து லட்சம் வெள்ளி செலவாயிற்று. சவுத் பிரிட்ஜ் சாலையில் மக்கள் வெள்ளமாய்த் திரண்டு நின்று அண்ணாந்து பார்க்க, புனித நீர் கலசங்களின்மேல் சொரியப்பட்டது.